நெச ட்ரெய்னிங்

ஜூன் 3, திங்கள்

பிபி மாத்திரையை மாற்றிக் கொடுத்த டாக்டர், "மனசுல இருக்கறத எங்கியாச்சும் எழுதி வெச்சுருங்க, உள்ள வெச்சுப் புழுங்காதீங்க" என்றார். வீட்டில் எழுதாமல் கிடந்தது கம்பெனி டைரி ஒன்றுதான். அட்டையில் பொன்னெழுத்தில் "கற்போம், வளர்வோம்" என்று அச்சடித்திருக்கிறது. அந்த வாசகம் என் கைங்கரியம். "பள்ளிக்கூடத்து டைரியாட்டம் இருக்குதுங்களே" என்று முதலாளி முகம் சுளித்தார். நம்மிடம் பனியன் வாங்குகிற பையர்களுக்குப் பிடிக்கும் என்றேன். உடனே சரி என்றுவிட்டார். வெளிநாட்டு பையருக்குப் பிடிக்கும் என்றால் எங்கள் சென்னியப்பன் சார் தலைகீழாகக்கூட நிற்பார்.

திருப்பூரில் அவருடைய பனியன் கம்பெனியில் நான் மனிதவள மேலாளர். 'எஸ். கலாமணி, எம்.எஸ்.டபிள்யூ.' என்று மேசையில் பலகை இருக்கிறது. வேலை என்னவென்றால், முதலாளி சொல்ல வெட்கப்படுவதையெல்லாம் தொழிலாளியிடம் போய்ச் சொல்வது.

இன்று ஆட்டோ கட்டர் வந்திறங்கியது. துணியை அடுக்கடுக்காக விரித்து வைத்தால் கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே வெட்டும் மெஷின். கிரேனில் இறக்கி, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்தோம். வாங்கியவர்களுக்கு பெங்களூரில் இரண்டு வாரப் பயிற்சியில் ஓர் இடம் இலவசம் என்று மெஷின்காரர்கள் சொல்லியிருந்தார்கள். துணி வெட்டுகிற கட்டிங் பகுதியிலிருந்து ஒருத்தரையாவது அனுப்பலாம் என்று பூஜை முடிந்த கையோடு கேட்டேன்.

"ரெண்டு வாரம் ஆள அனுப்பிச்சுட்டா இங்க யாருங்க வெட்டறது? அதுவுமில்லாம, கத்துக்கிட்டு வந்தான்னா பக்கத்துக் கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிருவான். நான் என்ன டுடோரியலுங்களா நடத்தறேன்?"

வருடா வருடம் இதே கேள்வி, இதே பதில். பூசணிக்காய்க்குச் செலவழித்த அக்கறையில் பாதியை மனிதர்கள் மேல் காட்டினால் என்ன என்று கேட்க நினைத்தேன். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மாத்திரை சாப்பிட மறக்கக் கூடாது.

ஜூன் 5, புதன்

இலவச சீட்டுக்குப் பதிலாக அரை நாள் விளக்கம் போதும் என்று முதலாளி பேசி முடித்துவிட்டார். பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஆங்கிலம், இந்தி இரண்டுதான் வரும். கட்டிங் மாஸ்டர் மயில்சாமிக்கு இரண்டும் வராது. அவர் முப்பது வருடமாகக் கையால் கத்தி பிடித்து வெட்டியவர். நான் நடுவில் நின்று தமிழில் சொன்னேன். மெஷினுக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சி இழுத்து, துணி அடுக்கை அசையாமல் பிடித்துக்கொள்ளுமாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் ஆடிட் விஷயமாக ஒரு போன். வெளியே போய்ப் பேச வேண்டியிருந்தது. நான் திரும்பியபோது இன்ஜினியர் ஒரு பெரிய பிளாஸ்டிக் ரோலைத் தட்டித் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மயில்சாமி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுதுங்களா மாஸ்டர்?"

"புரிஞ்சுதுங் மேடம்."

அவருக்கே புரிந்துவிட்டது என்றால் நான் ஏன் மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? இன்ஜினியருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்தேன்.

ஜூன் 10, திங்கள்

அடுத்த மாதம் பையர் ஆடிட். தொழிலாளர்களைச் சரியாக நடத்துகிறோமா என்று பையரின் ஆட்கள் வந்து சோதிப்பார்கள். எனவே இன்று பயிற்சி போட்டோ.

மாடியில் 'பயிற்சி அறை' என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கிறது. ஆடிட்டர்கள் கேட்பதால் கட்டியது. புரொஜெக்டரும் உண்டு, அதன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பேனா கொடுத்து, சுவரைப் பார்க்கச் சொல்லிப் போட்டோ எடுப்போம். மயில்சாமி மாஸ்டர் எப்போதும் முதல் வரிசை. அவர் முகத்தில் கவனம் நன்றாக விழும்.

மற்ற நாட்களில் அந்த அறைக்கு வேறு உபயோகம். ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது என்று முதலாளி முடிவு செய்தால், அதைத் தையல் லைனில் வைத்துச் சொல்ல முடியாது. அழுகை, சத்தம், பக்கத்து டைலர்களும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதனால், "மேல ட்ரெய்னிங் இருக்குது, வாங்க" என்று கூப்பிட்டுப் போவது. கதவைச் சாத்தி, தானாக விலகிக்கொள்வதாக எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி, பின்பக்கப் படி வழியாக அனுப்பிவிடுவது. இந்த ஏற்பாடு வந்த பிறகு ஒரு நாள்கூட லைன் நின்றதில்லை. டீயும் பன்னும் கொடுக்கச் சொன்னதும் நான்தான். வெறும் வயிற்றில் யாரும் கெட்ட செய்தி கேட்கக் கூடாது.

இன்று போட்டோவுக்காகக் கட்டிங் ஆட்களைக் கூப்பிட்டபோது, பாண்டிச்செல்வி என்ற பெண், "ஏன் மேடம், போட்டோ ட்ரெய்னிங்கா, நெச ட்ரெய்னிங்கா?" என்று கேட்டாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. மயில்சாமிதான் காதோடு விளக்கினார். போட்டோ ட்ரெய்னிங் என்றால் உட்கார்ந்துவிட்டு வருவது. நெச ட்ரெய்னிங் என்றால் போய்விட்டு வராமலே இருப்பது.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆடிட்டர் காதில் மட்டும் விழாமல் இருக்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

மெஷின் ஓடுவதைப் பார்க்கக் கட்டிங்கில் ஒரே கூட்டம். முதலாளி தினமும் வந்து, கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் போலச் சுற்றிச் சுற்றி வருகிறார். இன்று வந்தபோது வெட்டி முடித்த அடுக்கின் மேலிருந்து கிழிந்த பிளாஸ்டிக்கைப் பையன்கள் சுருட்டிப் போடுவதைப் பார்த்துவிட்டார்.

"இது எதுக்குங்க மாஸ்டர்?"

"துணிக்கு மேல விரிக்கறதுங். தூசி உழுகாம இருக்கறதுக்காட்ட இருக்குதுங்."

"நம்ம பேக்டரில ஏதுங்க தூசி? ஒவ்வொரு வெட்டுக்கும் இத்தன பிளாஸ்டிக்கா? ரோல பேக்கிங்குக்கு அனுப்பிருங்க. பெட்டிக்கு உள்ள போடறதுக்காச்சும் ஆகும்."

"சரிங்."

நானும் அங்கேதான் இருந்தேன். பிளாஸ்டிக்கைக் குறைத்தால் ஆடிட்டில் சுற்றுச்சூழல் பகுதியில் நல்ல பெயர் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னேன். முதலாளிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

சாயங்காலம் பாண்டிச்செல்வி என் பின்னாலேயே வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். கணவன் இல்லை, மகளை இங்கே ஆறாவது படிக்க வைக்கிறாள். வெட்டிய துணிகளைக் கட்டி எண் ஒட்டுவது அவள் வேலை. வேலைக்கு நடுவே மெஷினின் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சூப்பர்வைசர் புகார் சொல்லியிருந்தார்.

"மேடம், நான் பன்னெண்டாவதுல கம்ப்யூட்டர் குரூப்பு. அந்த மெசின எனக்குச் சொல்லிக் குடுப்பாகளா? சம்பளம் கூட வேணாம் மேடம். வேல முடிஞ்சு நின்னு கத்துக்கிறேன்."

"பார்க்கலாம் செல்வி."

"மத்தியானத்துலருந்து அதுல அடிக்கடி மஞ்ச எழுத்துல 'வேக்கம் லோ'ன்னு வருது மேடம். மாஸ்டர் ஓகேய அமுக்கிட்டுப் போயிர்றாரு. அப்படின்னா என்னா மேடம்?"

"அதெல்லாம் மாஸ்டர் பார்த்துக்குவார். நீ உன்ற வேலையப் பாரு கண்ணு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. கற்றுக்கொள்கிறேன் என்று தானாக வாய்விட்டுக் கேட்ட ஒரு ஆளை இத்தனை வருடத்தில் இன்றுதான் பார்க்கிறேன். முதலாளியிடம் அவளுக்காக ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 22, சனி

வாரச் சம்பள நாள். செல்விக்காக முதலாளியிடம் பேச நேரமில்லை. வீட்டுக்காரர் வெண்டைக்காயை முற்றலாகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். தன் ஹார்ட்வேர் கடையில் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற மனுஷனுக்கு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஜூன் 27, வியாழன்

எல்லாம் போச்சு.

பெரிய ஆர்டர் என்று துணியை வழக்கத்தைவிட உயரமாக அடுக்கி வெட்டச் சொல்லியிருந்தார் முதலாளி. குறைவாக அடுக்கியவரை வண்டவாளம் வெளியே தெரியவில்லை. உயரம் ஏறியதும் அடுக்கு நகர்ந்திருக்கிறது. மேல் துணியில் ஒரு அளவு, அடித் துணியில் வேறு அளவு. டைலர்கள் கையைத் தோளோடு சேர்க்கப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஆர்டர் முழுவதும் இப்படி.

பெங்களூருக்குப் போன் போட்டால் இன்ஜினியர் முதல் கேள்வியாக, பிளாஸ்டிக் விரித்தீர்களா என்றார். மேலே பிளாஸ்டிக் மூடியிருந்தால்தான் அடியிலிருந்து இழுக்கிற காற்று துணியை இறுக்கிப் பிடிக்குமாம். அது இல்லாவிட்டால் மேல் காற்று துணி வழியாகவே உள்ளே இறங்கி, பிடி தளர்ந்துவிடுமாம். 'வேக்கம் லோ', காற்று இழுப்பு போதவில்லை என்று மெஷின் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது அதைத்தான்.

பிளாஸ்டிக் ரோல் பேக்கிங்கில், அட்டைப் பெட்டிகளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

முதலாளி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "யாருங்க இதுக்குப் பொறுப்பு?"

பிளாஸ்டிக்கை எடுக்கச் சொன்னது யார் என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இருந்தது. எனக்கும் ஞாபகம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தோம்.

"இன்ஜினியர் எல்லாம் விளக்கினாருங்க சார். மாஸ்டர் புரிஞ்சுதுன்னு தலையாட்டினாரு. நானே பக்கத்துல இருந்து பார்த்தனுங்க" என்றேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மத்தியானம் மயில்சாமியிடம் போய், "மாஸ்டர், மேல ட்ரெய்னிங்" என்றேன். அவர் கத்தியை உறையில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஆட்டோ கட்டர் வந்த பிறகும் அந்தக் கைக்கத்தியை இடுப்பிலேயே வைத்திருந்தார் மனுஷன். கையெழுத்துப் போட்டார். டீ குடித்தார். பன்னை மட்டும் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பேத்திக்குங்" என்றார்.

பின்படியில் அவர் இறங்குவதை நான் நின்று பார்க்கவில்லை. தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

அடி பட்டால்தான் சிலருக்குக் காது திறக்கிறது. "ஒரு ஆள பெங்களூருக்கு அனுப்பித் தொலைங்க" என்றார் முதலாளி. மெஷின்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டு அந்த இலவச சீட்டை மறுபடியும் வாங்கிவிட்டேன்.

பாண்டிச்செல்வி பெயரைச் சொன்னேன். பொம்பளையா என்றார். கம்ப்யூட்டர் படித்தவள், கற்றுக்கொள்ளத் தவிப்பவள், எங்கேயும் ஓட மாட்டாள், மகள் இங்கே படிக்கிறாள் என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். பயிற்சி முடிந்து வந்தால் ஆபரேட்டர் வேலை, மகளை அதுவரை ஹாஸ்டலில் பார்த்துக்கொள்ளக் கம்பெனி ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டார்!

இந்த வேலையில் சேர்ந்தபோது நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். தையல் தெரியாமல் வருகிற பெண்ணுக்குத் தையல், தெரிந்தவளுக்கு அளவு வரைகிற பேட்டர்ன் வேலை, அதுவும் தெரிந்தவளுக்குக் கம்ப்யூட்டர் என்று படிப்படியாக ஒரு திட்டம். அதை எழுதித்தான் இன்டர்வியூவில் காட்டினேன். அதில் முதல் படி இன்றுதான் நடந்திருக்கிறது. ரயில் டிக்கெட்டை நானே போட்டேன், போகவும் வரவும். வருகிற வழியில் வீட்டுக்காரருக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி வந்தேன். "என்ன கலா, போனஸா?" என்றார். அதற்கும் மேல் என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நேராகக் கட்டிங்குக்குப் போனேன். நல்ல செய்தியை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று ஆசை. செல்வி கட்டுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"செல்வி, உனக்கு ட்ரெய்னிங் வந்திருக்குது!"

கை நின்றது. சிரிக்க முயற்சி செய்தாள். "போட்டோவுக்குத்தான மேடம்?"

"போட்டோவுக்கு இல்ல கண்ணு. இது நெச ட்ரெய்னிங்!"

சொன்ன உடனே அந்த இடத்தில் எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். மெஷின் காற்றை இழுக்கிற சத்தம் மட்டும்தான். செல்வி என்னையே பார்த்தாள். பிறகு காலில் விழுந்துவிட்டாள்.

"நான் என்னா மேடம் தப்பு பண்ணேன்? அந்தப் பிளாஸ்டிக்கு வெசயத்துல நான் வாயே தொறக்கலையே. மஞ்ச எழுத்து வருதுன்னு ஒங்ககிட்ட சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல மேடம். எம் மக சத்தியமா சொல்லல. இனிமேப்பட்டு அந்த மெசினப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன் மேடம்."

"அய்யோ, எந்திரி. நெசமாலுமே படிக்கறதுக்கு. பெங்களூருல. வந்தீன்னா நீதான் ஆபரேட்டர்."

செல்போனை நீட்டிக் காட்டினேன். "இங்க பாரு, போறதுக்கு டிக்கெட்டு. இது திரும்பி வர்றதுக்கு டிக்கெட்டு."

அவள் டிக்கெட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். "மாஸ்டரையும் இப்படி நல்லவிதமாத்தான கூப்பிட்டீங்க."

நான் எவ்வளவோ சொன்னேன். மேலே வா, உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம் என்றேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "டீ வேணாம் மேடம். கையெழுத்து மட்டும் இங்கனயே போட்டுர்றேன்" என்றாள். சுற்றி நின்ற ஒருத்தர்கூட எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இவர்களுக்காகத்தானே முதலாளியிடம் அத்தனை வாதாடினேன்? நல்லது செய்ய வந்தவளைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

கட்டிங் அரை மணி நேரம் நின்றுபோனதாக சூப்பர்வைசர் சொன்னார்.

ஜூலை 3, புதன்

செல்வி வரவில்லை. கம்பெனி கொடுத்த மேல்கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பெண் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். போன் அணைத்து வைத்திருக்கிறாள்.

வேறு இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் ஊருக்குப் போவதாகச் சொன்னான், இன்னொருத்திக்குத் திடீரென்று காய்ச்சல்.

ஜூலை 6, சனி

சந்தையில் மயில்சாமியைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி கத்தரிக்காயைக் குனிந்து பொறுக்கினேன். அவரே பக்கத்தில் வந்து, "நல்லா இருக்கறீங்களாங் மேடம்?" என்றார். ஒரு சின்ன யூனிட்டில் கத்தி பிடிக்கிறாராம். தினமும் வேலை இருப்பதில்லையாம்.

பேச்சு எப்படியோ அங்கேயே வந்தது. "அந்தப் பிளாஸ்டிக் கவருதானுங் மேடம் மனசுக்குள்ள கெடந்து அறுக்குது. அந்த இன்ஜினியர் தம்பி அதக் காட்டி என்னமோ சொல்லுச்சுங். நீங்க வந்ததும் கேக்கலாம்னு இருந்தனுங். நீங்க வந்து புரிஞ்சுதான்னு கேட்டுப்போட்டீங்க. அத்தன பேரு நிக்கறாங்க. முப்பது வருச மாஸ்டரு புரியலைன்னு எப்படிங் சொல்றது? அங்க புரியலைன்னு சொன்னா மாடிக்குத்தானுங்களே கூட்டிட்டுப் போவீங்க."

வயதாகிவிட்டது, மனுஷனுக்கு ஞாபகம் முன்னே பின்னேதான் இருக்கும். யார் எப்போது எங்கே நின்றார்கள் என்பதையெல்லாம் இப்போது பேசி என்ன ஆகப்போகிறது? பேத்தி நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறாள் என்றார். கத்தரிக்காயை வாங்காமலே வந்துவிட்டேன். வீட்டில் ரசமும் அப்பளமும்.

ஜூலை 9, செவ்வாய்

செல்வி போன் செய்தாள். பிஎஃப் விஷயமாக ஒரு கையெழுத்து வேண்டுமாம். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். கட்டு கட்டி எண் ஒட்டுகிற அதே வேலை, இங்கே கொடுத்ததைவிடக் குறைந்த கூலிக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நெசமாவே உன்ன ஆபரேட்டர் ஆக்கறதுக்குத்தான் கூப்பிட்டேன். அந்த சீட்டு இன்னும் இருக்குது. இப்பவாச்சும் நம்பு" என்றேன்.



"நெசமாத்தான் மேடம் இருந்திருக்கும் போல. ராத்திரியெல்லாம் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஆனா இன்னொரு வாட்டி நீங்க வந்து அப்படிச் சொன்னாலும் நான் ஒங்க காலுலதான் விழுவேன் மேடம்."

"அந்தக் கம்பெனில ட்ரெய்னிங் எல்லாம் உண்டா?"

"இங்க ட்ரெய்னிங் ரூமே இல்ல மேடம். கேட்டுட்டுத்தான் சேந்தேன்."

ஜூலை 11, வியாழன்

மாலையில் அட்டெண்டர் வந்து, "சார் உங்கள மேல வரச் சொல்றாருங்" என்றான். எதற்கு மேலே என்றேன். முதலாளி அறையில் ஏசி மாற்றுகிறார்களாம். பிறகு கீழே இறங்கி வந்தபோது அங்கே எட்டிப் பார்த்தேன். ஏணி போட்டு ஆள் நிற்கத்தான் செய்தான்.

பயிற்சி அறையில் நான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். எனக்கு மிச்சம் இருந்தது எதிர் நாற்காலி. கதவு தானாகவே சாத்திக்கொண்டது. கேன்டீன் அம்மா டீ கொண்டு வந்து வைத்தாள். கூடவே பன். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

"யாருமே போகமாட்டேங்கறாங்க. சீட்டு வீணாப் போயிருமுங்க" என்றார் முதலாளி. "அதனால நான் ஒண்ணு யோசன பண்ணினேன். நீங்களே ட்ரெய்னிங் போயிட்டு வாங்க கலாமணி."

"நானுங்களா சார்? நான் மெஷின் ஓட்டறதுங்களா?"

"நீங்க ஓட்ட வேண்டாமுங்க. கத்துக்கிட்டு வந்து இங்க நாலு பேருக்குத் தமிழ்ல சொல்லிக் குடுத்தாப் போதும். இத்தன வருசமா ட்ரெய்னிங் ட்ரெய்னிங்னு எங்கிட்ட நீங்கதானுங்க சொல்லிட்டிருந்தீங்க? சொன்னது சரின்னு இப்பத் தெரியுது. நெசமாத்தானுங்க சொல்றேன்."

நெசமாத்தான் என்றார்.

"என்ற வேலை சார்?"

"ரெண்டு வாரந்தானுங்களே. என்ற மாப்பிள்ளை எம்பிஏ முடிச்சுட்டு வீட்டுல சும்மாதான் இருக்கறாரு. அவரு பார்த்துக்குவாரு. லேப்டாப்ப அவருகிட்டக் குடுத்துட்டுப் போங்க. பாஸ்வேர்டையும் சொல்லிருங்க." கொஞ்சம் நிறுத்தி, "டீ ஆறுதுங்க, குடிங்க" என்றார்.

நல்ல யோசனைதான். இதைவிட நல்ல யோசனையை அந்த மனிதர் இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. நான் கேட்டதெல்லாம் இதுதான். சரிங்க என்றேன். டீயைத் தொடவில்லை. இறங்கும்போது ஏனென்று தெரியவில்லை, கால் பின்படிப் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்து முன்படியில் இறங்கினேன்.

ஜூலை 13, சனி

தையல் செக்‌ஷன் வழியாகப் போனபோது மெஷின் சத்தம் குறைந்தது. பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "மேடத்துக்கு ட்ரெய்னிங்காமா."

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு வயசான டைலர் எழுந்து நின்று, "போயிட்டு வாங் மேடம்" என்று கும்பிட்டார். சாவு வீட்டில் கும்பிடுவது போல இருந்தது. எனக்கு அழுகை வந்தது. உங்களை மாதிரி இல்லை ஐயா, நான் நிஜமாகவே படிக்கத்தான் போகிறேன் என்று உரக்கக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் யார் நம்புவார்கள்?

முதலாளி மாப்பிள்ளையிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். பணிவான பையன். என் நாற்காலியின் உயரத்தைத் தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டான்.

ஜூலை 14, ஞாயிறு

நாளைக் காலை ரயில். இரண்டு சுடிதார், மாத்திரை, ஒரு போர்வை எடுத்து வைத்தேன். வீட்டுக்காரருக்குச் சாம்பார்ப் பொடி அரைத்து டப்பாவில் போட்டு, பெயர் எழுதி ஒட்டினேன். இல்லாவிட்டால் மனுஷன் ரசப் பொடியைப் போட்டுச் சாம்பார் வைப்பார்.

ஹாலில் கிடந்த இன்னொரு பையை அவர் பிரித்துப் பார்த்துவிட்டார். ஆபீஸ் மேசையில் இருந்த முருகன் படம், பிளாஸ்க், மழைக்கு வைத்திருந்த குடை, செருப்பு, என் பெயர்ப் பலகை.

"ரெண்டு வாரத்துக்குப் போறவளுக்கு இதெல்லாம் எதுக்கு கலா வீட்டுக்குக் கொண்டுட்டு வந்த?"

"தூசி படியுமேன்னுதானுங்க."

அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற ஆள் இல்லை. பையை மறுபடியும் மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"திரும்பி வர்றதுக்கு டிக்கெட் போட்டிருக்கறாங்கல்ல?" என்றார்.

போட்டிருக்கிறார்கள். செல்விக்கும் போட்டிருந்தேன்.